தூக்காமல் இருக்கப் பழகினோம்

எங்கள் நாய் பொட்டு என் மாமியாரின் கட்டைவிரலைக் கடித்தபோது அவளுக்கு ஏழு மாதம். சோபா மூலையில் சுருண்டு படுத்திருந்தவளை, "எந்திரிடி தங்கம், பாட்டிக்கு இடம் குடு" என்று அத்தை இரண்டு கைகளாலும் அள்ளப் போனார். லபக்கென்று ஒரு கடி. பெரிய காயமில்லை, தோல் லேசாகக் கிழிந்து ஒரு சொட்டு ரத்தம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவினோம், கையோடு டாக்டரிடமும் போனோம். பொட்டுவுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தது. இருந்தாலும் ரேபிஸ் விஷயத்தில் 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான்: "திடீர்னு கடிச்சிட்டா."

திடீரென்று இல்லை என்பதற்குச் சாட்சி எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் மகன் அப்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பொட்டு உறுமினால் எடுப்பான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு நல்ல வரவேற்பு. உள்ளங்கையில் நிற்கிற மாதிரி வந்த பிறவி, அதற்குள்ளிருந்து ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம். சிரிக்காமல் எப்படி இருப்பது?

ராத்திரி அந்த வீடியோவை வேகம் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். மொத்தமே 11 விநாடி. அத்தை குனிகிறார், பொட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கை நீள்கிறது, நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகிறது. காது பின்னால் படிகிறது. உடம்பு விறைக்கிறது, மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. முகம் சுவரைப் பார்க்க, கண் மட்டும் அத்தையின் கையைப் பார்க்கிறது. விழியோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. அப்புறம்தான் உறுமல். பின்னணியில் நாங்கள் சிரிக்கிற சத்தம், அதில் என் குரல்தான் பெரிது. உதடு தூக்குகிறது. கை இன்னும் கிட்டே போகிறது. பல்.

ஏழு தடவை சொல்லியிருக்கிறாள். அத்தைக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. வீடியோ எடுத்தவன் கண் முன்னாலேயே எல்லாம் இருந்தும் அவனுக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாய்ப் பயிற்சியாளரை வரவழைத்தோம். வந்தவர் பொட்டுவைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "இதே நாய் முப்பது கிலோ இருந்திருந்தா, இப்ப நான் பார்த்ததுல எதையெல்லாம் செஞ்சிருப்பீங்க?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் அவளை ஒன்பது தடவை தூக்கியிருந்தோம். வாசல் மணி அடித்ததும் தூக்கினேன். சோபாவில் இடம் வேண்டும் என்று என் கணவர் தூக்கினார். செருப்பைக் கவ்விக்கொண்டு போனதும் மகன் தூக்கினான். நடைபாதையில் வேறொரு நாய் போவது ஜன்னலில் தெரிந்ததும் மறுபடி நான் தூக்கினேன்.

முப்பது கிலோ நாயை வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. 'வா', 'இறங்கு', 'விடு', 'இரு' எல்லாவற்றையும் அவர் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். எங்களுக்குக் கை இருந்தது. பேருக்கு ஒரு 'உட்கார்' தவிர ஏழு மாதத்தில் நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுகூட அன்றுதான் உறைத்தது. சின்ன நாய்களின் அடாவடி என்று பேசிக்கொள்வார்களே, அதைப் பற்றி வியன்னாவிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2010ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சின்ன நாய்கள் சொன்ன பேச்சைக் குறைவாகத்தான் கேட்கின்றன, அதிகம் பயப்படுகின்றன, அதிகம் சீறுகின்றன என்று அதில் வந்தது. கூடவே, சின்ன நாய் வைத்திருப்பவர்கள் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்றும், நாயோடு சேர்ந்து விளையாடுவதும் பயிற்சி செய்வதும் குறைவு என்றும் வந்தது. எங்கள் வீட்டை ஒளிந்திருந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

பொட்டு எந்த இனம் என்று யார் கேட்டாலும் எங்களிடம் பதில் இல்லை. அம்மாவை எனக்குத் தெரியும். பொமரேனியன் சாயலில் புசுபுசுவென்று இருப்பாள். அப்பா யாரென்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். உடம்பு செம்பழுப்பு, நெற்றியில் ஒரே ஒரு கருப்பு வட்டம், கால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். வளர்ந்து முடிந்தபோது ஆறு கிலோ. "பொமரேனியன் ரத்தம் இருக்குல்ல, அதான் குரைக்குது" என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். 2022ல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்து ஓர் ஆய்வு வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்பது அதன் முடிவு. கலப்பின நாய் வைத்திருப்பவர்களுக்கு இது நிம்மதியான செய்தி. இனத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கிற நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பயிற்சியாளர் முதலில் கைவைத்தது பெயரில். அப்போது அவள் பெயர் பொட்டு இல்லை. செம்பழுப்பும் கருப்பும் சேர்ந்த நிறத்தைப் பார்த்து மகன் 'குந்துமணி' என்று வைத்திருந்தான். அழகான பெயர்தான், ஆனால் நாலு எழுத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. 'மணி' ஆகிவிட்டது. நாங்களோ ஒரு நாளைக்கு இருபது தடவை "மணி என்ன?", "மணியாச்சு, கிளம்பு" என்று கத்துகிற குடும்பம். ஆரம்பத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பாள். பார்த்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் அந்தச் சொல் காதில் விழுவதே நின்றுபோய்விட்டது. சரி, முன்பாதியைக் கூப்பிடலாம் என்று அத்தை 'குந்து' என்றார். அது உட்காரச் சொல்கிற சொல் ஆயிற்றே. கூப்பிட்டால் வர வேண்டுமா, உட்கார வேண்டுமா?

பெயர் மாற்றினால் நாய் குழம்பிவிடும் என்று நினைத்தேன். நாலே நாளில் பழகிவிட்டாள். வழி இதுதான்: பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும், திரும்பிப் பார்த்த நொடியில் 'ஆஹா' என்று ஒரு சொல், உடனே வாயில் ஏதாவது ஒரு துணுக்கு. ஒரு வேளைக்குப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. திரும்பாவிட்டால் மறுபடி கூப்பிடக் கூடாது. கிட்டே போய் ஒரு சின்னச் சத்தம் கொடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். திட்டும்போது அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது. இந்தக் கடைசி விதிதான் எங்களுக்குச் சிரமமாக இருந்தது. பெயரைச் சொல்லாமல் திட்டுவது எப்படி என்று அத்தை நிஜமாகவே கேட்டார்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'சிட்' என்றால் முடிந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் 'உட்கார்' என்பார், ஒருவர் 'உக்காரு', அத்தை பாசம் பொங்கினால் 'உக்காந்துக்கோடா செல்லம்'. நமக்கு எல்லாம் ஒரே வினைச்சொல். நாய்க்கு மூன்று வெவ்வேறு சத்தம். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்: உக்காரு, வா, இரு, விடு, இறங்கு. எழுதின சொல்லை எழுதின மாதிரியேதான் சொல்ல வேண்டும், வாலில் எதையும் ஒட்டக் கூடாது. 'இரு', 'இறங்கு' இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறதே என்று ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தோம். 'இறங்கு' போய் 'கீழே' வந்தது. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைஜாடையும் வைத்துக்கொண்டோம். நாய்கள் நம் வாயைவிடக் கையைத்தான் சுலபமாகப் படிக்கின்றன. சொல்லை மறந்தாலும் ஜாடை நினைவிருக்கிறது.

உட்காரப் பழக்குவதில் சின்ன நாய்க்கென்று ஒரு தொல்லை. நாம் நின்றுகொண்டு கையில் துணுக்கைக் காட்டினால் அவளுக்கு அது மொட்டைமாடி உயரம். பின்னங்காலில் எம்பிக் குதிப்பாள். குனிந்தால் நம் உடம்பு முழுக்க அவள் மேல் கவிகிறது, பின்வாங்குகிறாள். தரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் நாம் தரையில் இருக்கும்போது மட்டும் கேட்கிறாள். பயிற்சியாளர் சொன்ன தந்திரம், நீளமான மரக்கரண்டி. நுனியில் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடியே கரண்டியை மட்டும் அவள் மூக்குக்கு நேரே இறக்கி, மெல்லத் தலைக்குப் பின்பக்கமாக நகர்த்தினால் மூக்கு மேலே போகிறது, இடுப்பு தானாகக் கீழே வருகிறது. என் முதுகு வலியும் போயிற்று. வெண்ணெய் டப்பாவின் மேல் சைலிட்டால் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு அது வெறும் இனிப்பூட்டி. நாய்க்கு விஷம், ஆறு கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும்.

துணுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நாங்கள் ஏமாந்தோம். பொட்டு மாதிரி ஒரு நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் ஏறக்குறைய 400 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. அதாவது 40. கடையில் நாய்க்கென்று விற்கிற பெரிய பிஸ்கட் ஒன்றிரண்டிலேயே அது தீர்ந்துவிடும். அதனால் வேகவைத்த கோழியை உப்பில்லாமல் எடுத்து, பட்டாணியில் பாதியளவு நறுக்கி வைத்துக்கொண்டோம். அளவு நாய்க்குப் பொருட்டே இல்லை. எத்தனை தடவை கிடைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. அவள் சரியாகச் செய்த நொடிக்கும் வாய்க்குப் போகிற நொடிக்கும் நடுவில் நான் டப்பா மூடியைத் திறந்துகொண்டிருந்தால், மூடி திறக்கும்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாளோ அதற்குத்தான் பரிசு போய்ச் சேரும். அந்த 'ஆஹா' இந்த இடைவெளியை நிரப்பத்தான். பரிசு நிச்சயம் என்று அந்தச் சொல்லே அவளுக்குச் சொல்லிவிடும்.

இனி தூக்குகிற விஷயம். இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. நாய்க்கு இல்லை, எங்களுக்கு.

தூக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் மேசை மேல் வைக்க வேண்டும், படிக்கட்டில் கூட்டமாக இருந்தால் தூக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கிருந்தோ இரண்டு கை வந்து உலகத்தையே காலுக்கடியிலிருந்து உருவுகிற மாதிரி இருக்கக் கூடாது. அதற்கு ஒரு சொல் வைத்தோம்: 'தூக்கட்டா?' முதல் நாட்களில் தூக்கவே இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து 'தூக்கட்டா?' என்று கேட்பது, கையைக் கொஞ்சம் நீட்டுவது, கையை எடுப்பது, ஒரு துணுக்கு. அவ்வளவுதான். மூன்றாம் நாள் விலாவைத் தொடுவது வரை போனோம். அப்புறம் ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில், தூக்காமல் அப்படியே ஒரு விநாடி. பிறகு இரண்டு அங்குலம் தூக்கி இறக்குவது. அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் அதுவரை எல்லோரும் தூக்கிக்கொண்டிருந்தோம். அப்படித் தூக்கினால் தோள்மூட்டில் மொத்த எடையும் தொங்கும், பின்கால் அந்தரத்தில் ஆடும். யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒவ்வொரு கட்டத்திலும் அவள் முகத்தைத் திருப்பினாலோ மூக்கை நக்கினாலோ, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் ஒரு படி கீழேயிருந்து ஆரம்பித்தோம். மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், 'தூக்கட்டா?' என்று கேட்டுக் கையை நீட்டினேன். பொட்டு எழுந்து, ஒரு சோம்பல் முறித்து, நடந்து வந்து என் கைக்குள் மார்பை வைத்துச் சாய்ந்தாள். சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை, பயந்துவிடுவாளே.

சோபாவிலிருந்து இறக்குவதற்குக் கை தேவையே படவில்லை. 'கீழே' என்று சொல்லி ஒரு துணுக்கைத் தரையில் போட்டால் தானாக இறங்குகிறாள். இறங்கினதும் 'மேலே' என்று திரும்ப ஏறவும் விட வேண்டும். இறங்கினால் இடம் போய்விடும் என்று அவள் நினைத்தால் அடுத்த தடவை இறங்க மாட்டாள். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான முக்காலி போட்டோம். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம்விட்டு நழுவுகிற கோளாறு அதிகம். ஓடும்போது நடுவில் ஒரு பின்காலைத் தூக்கி நொண்டியடித்துவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால் டாக்டரிடம் காட்டுங்கள். பொட்டுவுக்கு அது இல்லை. இருந்தாலும் உயரத்திலிருந்து தொப்பென்று குதிப்பதைக் குறைத்துவிட்டோம்.

உறுமலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடித்த பிறகு என் கணவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: வீட்டில் யார் பெரியவர் என்று காட்ட வேண்டும். யாரோ எப்போதோ சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, அவள் உறுமினபோது மல்லாக்கப் புரட்டி மார்பில் கைவைத்து அழுத்தினார். அவள் அடங்கிவிட்டாள்தான். தரையில் மூத்திரம் போயிருந்ததை அப்புறம் பார்த்தோம். அடைத்து வைத்த ஓநாய்களை வைத்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947ல் எழுதின ஆய்விலிருந்து கிளம்பின, மற்றவர்களை அடக்கி ஆள்பவரே தலைவர் என்கிற 'ஆல்ஃபா' கதை இது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா குட்டிகள் அடங்கிய குடும்பம்தான், தலைமைக்கு அடிதடி போடுகிற கும்பல் இல்லை என்று 1999ல் எழுதிவிட்டார். இதைச் சொன்னதும் கணவர் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி தரையில் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொட்டு எழுந்து வரவில்லை. அவரிடம் அவள் பழைய மாதிரி வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

உறுமலை அடக்கினால் நாய்க்குக் கோபம் போகாது, சத்தம்தான் போகும். அப்புறம் நிஜமாகவே திடீரென்று கடிக்கும். இப்போது உறுமினால் நாங்கள் கையை எடுத்துவிடுகிறோம். "இப்படி விட்டா தலைக்கு மேல ஏறிடாதா?" என்று அத்தை கேட்டார். எதற்கு உறுமினாள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த விஷயத்தைத் தனியாக எடுத்துப் பழக்கினோம். உறுமல் படிப்படியாகக் குறைந்தது. சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்தவுடன் அவளுக்குக் கத்துகிற அவசியமில்லாமல் போயிருக்கும், அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியே போய் மூத்திரம் போகப் பழக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் எழுதுகிற விஷயம்தான். குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், கூட ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அடக்க முடியும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. சின்ன நாய்க்கு அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே. போன இடத்திலேயே, போய் முடித்த கணத்திலேயே பரிசு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் அது. நாங்கள் தரையை நெடியடிக்கிற அமோனியா கலந்த திரவம் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். மூத்திர வாடையிலும் அமோனியா இருப்பதால் அது அவளுக்கு அழைப்பிதழ். நொதி கலந்த கழுவுதிரவத்துக்கு மாறின பிறகு ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்பப் போவது நின்றது.

மழை பெய்தால் மட்டும் வாசலிலேயே நின்று திரும்பிவிடுவாள். பிடிவாதம் என்று நினைத்தோம். ஒரு நாள் குனிந்து பார்த்தேன்; அவள் வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. நமக்கு அது கணுக்கால் நனைகிற புல், அவளுக்கு வயிறு முழுக்க ஈரம். ஒரு ஓரமாகப் புல்லைக் கட்டையாக வெட்டிவிட்டோம். அன்றே போனாள்.

வீட்டுக்குள் போய் வைத்துவிட்டுக் காதைத் தொங்கவிட்டு நிற்பாள். "பாரு, தப்புப் பண்ணினது தெரியுது" என்போம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009ல் இதைச் சோதித்திருக்கிறார். தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான் வருகிறது. குற்றவுணர்ச்சி என்று நாம் படிப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பதில். இது தெரிந்த பிறகும் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு 'மாட்டிக்கிட்டியா' என்றுதான் தோன்றுகிறது. வாயை மூடிக்கொண்டு துணியை எடுக்கிறேன்.

தெருவில் மற்ற நாய்களைப் பார்த்துக் குரைப்பதுதான் மிக நீண்ட பாடம். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை குட்டிக்கு உலகம் பதிகிற காலம். பொட்டு பத்து வாரத்தில் வந்தாள். தடுப்பூசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டியிருக்க வேண்டிய ஒரே காலம் அதுதான், அப்போது தூக்கவில்லை! வளர்ந்த பிறகு, எதிரே நாய் வந்தாலே மார்போடு அணைத்துத் தூக்கிவிடுவேன். என் இதயம் படபடக்கிறது, கை இறுகுகிறது, கீழே ஒரு நாய் வருகிறது, அவளால் ஓடவும் முடியாது, முகர்ந்து பார்க்கவும் முடியாது. குரைப்பதைத் தவிர அவளுக்கு நான் எதை மிச்சம் வைத்தேன்?

முதலில் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வாங்கினோம். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மை. கழுத்தில் இழுபட்டு இழுபட்டு வாத்து கத்துகிற மாதிரி இருமினால் அலட்சியப்படுத்தக் கூடாது. அப்புறம் தூரத்தைக் கண்டுபிடித்தோம். எவ்வளவு தள்ளி இருந்தால் நாயைப் பார்த்தும் குரைக்காமல் இருக்கிறாள்? பொட்டுவுக்கு அது நாற்பது தப்படி. அங்கே நின்றுகொள்வோம். அந்த நாய் கண்ணில் பட்டதும் கோழித் துணுக்குகள் ஒவ்வொன்றாக வாய்க்கு வரும். நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். மணியோசைக்கு எச்சில் ஊறின பாவ்லோவின் நாய்க் கதைதான். அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. நாய் வந்தால் கோழி வரும், அந்தக் கணக்கு மனதில் பதிந்தால் போதும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், தூரத்தில் நாயைப் பார்த்தவள், 'எங்கே?' என்கிற மாதிரி என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்புதலுக்குத்தான் இவ்வளவும். அதற்கப்புறம் இரண்டிரண்டு தப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம்.

இருபது தப்படிக்கு வந்திருந்தபோது, ஒரு திருப்பத்தில் கயிறில்லாமல் ஓடிவந்த ஒரு பெரிய நாய் அவள் மேல் மோதி உருட்டிவிட்டது. கூட வந்தவர் தூரத்திலிருந்து, "ஒண்ணும் பண்ணாது, விளையாடத்தான் வருது" என்று கூவினார். விளையாட்டாகவே இருக்கட்டும், ஐந்து மடங்கு எடை. அன்று தூக்கினேன், 'தூக்கட்டா' எல்லாம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பதுக்கும் மேலே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. எரிச்சலாக இருந்தது, எழுதி வைத்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மகன்தான் எடுத்து அடுத்த பக்கத்தில் தேதி போட்டான். இரண்டாவது தடவை சீக்கிரமாகவே இறங்கி வந்தது.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது. தெருவின் அந்தப் பக்கம் நாய் போனால் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை, நடை. இந்தப் பக்கமே வந்தால் வளைந்து சுற்றிப் போகிறோம். நேருக்கு நேர் போவதைவிட வளைந்து போவதுதான் நாய்களுக்கு மரியாதையாம். நடையில் பாதி நேரம் முகர்ந்துகொண்டிருக்கிறாள். இழுக்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன். விரித்த குடையைக் கண்டால் இன்றும் குரைக்கிறாள். நகம் வெட்டுவது ஒரு நாளைக்கு இரண்டு விரல் என்ற வேகத்தில்தான் நடக்கிறது, அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை.

சாப்பாட்டு மேசையில் கெஞ்சுவதைத்தான் நாங்களே கெடுத்தோம். கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்து நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்; ஐந்தாம் நாள் முன்னைவிட இரண்டு மடங்கு ஊளையிட்டாள். ஒரு பழக்கம் நிற்பதற்கு முன்னால் இப்படி ஒரு தடவை பொங்கிவிட்டுத்தான் அடங்கும். அது தெரியாமல் அத்தை ஒரு வாய் கொடுத்துவிட்டார். போதும், போதுமான அளவு கத்தினால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிட்டது. இப்போது நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவளுக்குத் தனி விரிப்பு, அதன்மேல் நக்கித் தின்கிற மாதிரி ஏதாவது தடவின ரப்பர் பொம்மை. விரிப்பிலேயே இருக்கிறாள். அத்தையின் கை மேசைக்கடியில் போகிறதா என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பொட்டு அதே சோபாவின் அதே மூலையில் படுத்திருந்தாள். அத்தை வந்து, ஒரு அடி தள்ளி நின்று, கையைத் தாழ்வாக நீட்டி, "தூக்கட்டா?" என்றார். பொட்டு கண்ணைத் திறந்து பார்த்தாள். நாக்கு ஒரு தடவை மூக்கை நக்கியது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"சரி, படு" என்றார் அத்தை. போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டிவியைப் போடச் சொன்னார்.